போரை ஆதரித்த சௌந்தரராஜனின் மறைவு

எங்கள் தங்கவயலிலிருந்து போருக்கு முதலில் போனவர் சௌந்தரராஜன். ஊரிகம் பழைய ரிக்ரியேஷன் ஹாலைவிட்டு ஓர் அடிகூட வெளியே வைக்காமல் போனார். நான் நேரில் பார்த்தேன். தேசபக்தியால்தான் போய்ப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குத் தேங்காய் பன்னும் டீயும் உண்டு என்று காலையிலேயே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

போர் நடந்த நாட்டின் பெயர் எங்கள் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. 'அந்த ஊரு' என்றே சொல்லிக்கொண்டோம். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டினார்கள். சௌந்தரராஜன் மட்டும் சந்தேகமே இல்லாமல் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டைக் காட்டினார். அந்த நாட்டு அரசாங்கம் நமக்கு நண்பனாம். அதற்குப் பக்கத்து நாட்டோடு தகராறாம். நம் படை கடல் தாண்டிப் போய் உதவ வேண்டும் என்று டெல்லியில் முடிவாகிவிட்டது. முடிவான மறுநாளே 'தங்கவயல் அனைத்துக் கட்சிப் போர் ஆதரவுப் பேரவை' பிறந்தது. குழாயில் தண்ணீர் வரவைக்க ஒருநாளும் ஒன்றாக உட்காராத கட்சிக்காரர்கள் எல்லாம் போர் என்றதும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். சௌந்தரராஜன் தலைவர். எதிர்க்கட்சி மனோகர் துணைத்தலைவர். எங்கள் ஊர்ப் பாலகாடு ஏரியாவின் மாஜி கவுன்சிலர் எலைன் மகளிர் அணி.

பலகையில் டோக்கன் மாட்டும் யோசனை சௌந்தரராஜனுடையதுதான். அதை அவர் தலையில்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவரே அதை மறுத்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிப்ட்டுக்குப் போகிறவன் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கும் முன் தன் பெயரடித்த பித்தளை டோக்கனை டைம் ஆபீசில் கொடுப்பான். அதைப் பலகையில் ஒரு கொக்கியில் மாட்டிவைப்பார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அவனே தன் கையால் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். கொக்கியில் டோக்கன் இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான். அதை வேறொருவன் கை வைத்து எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் போய்விட்டான். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், இந்தப் பயத்தை மூட முடியவில்லை. இன்றைக்கும் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் ஆணியில் தொங்கும் அடுத்தவன் ஐடி கார்டை யாரும் தொட மாட்டார்கள். பெங்களூர் ட்ரெயின் ஊதிவிட்டாலும் சரி, அவனே திரும்பி ஓடிவந்துதான் எடுத்துக்கொண்டு போவான்.

ஹாலில் ஒரு பெரிய மரப்பலகை மாட்டினார்கள். சௌந்தரராஜன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நம் முன்னோர் தங்கம் எடுக்க இறங்கினார்கள். இன்று நான் நம் வீரர்களோடு போர் என்னும் சுரங்கத்தில் இறங்குகிறேன். கடைசி வீரன் மேலே வரும்வரை என் டோக்கன் இந்தக் கொக்கியைவிட்டு அசையாது. அதற்கு முன்னால் எடுக்க யார் வந்தாலும், ஏன், நானே வந்தாலும், இன்பராஜ், விடாதே!"

இன்பராஜ் ஹாலின் வாட்ச்மேன். சுரங்கம் மூடுவதற்கு முன், சின்ன வயதில், டைம் ஆபீசில் வேலை பார்த்தவன். நூறு தலைகள் சட்டென்று தன் பக்கம் திரும்பியதில் பயந்துபோய், "சரிங்க" என்றான். அந்த 'சரிங்க' மைக்கில் விழுந்து ஹால் முழுக்கக் கேட்டது. கைதட்டல் அடங்கவே வெகுநேரமாயிற்று. அடங்கியதும் மனோகரும் எலைனும் அதே மைக்கில் 'நானும் இறங்குகிறேன்' என்றார்கள்.

சௌந்தரராஜனின் டோக்கன் சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. மனோகருடையதும் அதே அளவு. எதிர்க்கட்சிக்குச் சின்னத் தட்டு என்றால் வெளிநடப்பு செய்வேன் என்று சொல்லி வாங்கியது. எலைனுடையதற்கு ஓரத்தில் பூ வேலை. இவையெல்லாம் மேல்வரிசை. கீழ்வரிசையில் நிஜமாகவே போருக்குப் போகிற எங்கள் ஊர்ப் பையன்களின் டோக்கன்கள். அவை ஆரோரூட் பிஸ்கட் அளவு. பித்தளை மேல்வரிசைக்கே சரியாகப் போய்விட்டதாம்.

இன்பராஜின் மகன் ஜோஸ் ராணுவத்தில் டிரைவர். லீவில் வந்திருந்தான். தன் டோக்கனைத் தானே கொண்டுபோய் மாட்டினான். மாட்டிவிட்டு அப்பா பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"நானே வந்து எடுத்துக்கிறேம்பா. அதுவரைக்கும் யாரையும் தொட வுடாத."

"அதெப்படிறா வுடுவேன்?"

"ஒன்னுக்குப் போறப்போகூட கண்ண இங்கயே வெச்சுக்கோ."

அவன் அம்மா ஜூடித் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "போற நேரத்துல பேச்சப் பாரு!" என்றாள். ஜோஸ் விளையாட்டாகத்தான் சொன்னான். இன்பராஜுக்கு எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாது. மறுநாளே கேட்டருகே கிடந்த தன் ஸ்டூலைத் தூக்கிவந்து பலகைக்கு நேர் கீழே போட்டுக்கொண்டான். சாப்பாடும் அங்கேயே. ஜூடித் டிபன் கேரியரோடு தினமும் ஹாலுக்கு வந்தாள். "வூட்ல ஒரு செவுரு கீது, அதுக்கும் ஒரு வாட்ச்மேன் வேணும்" என்று திட்டிக்கொண்டே பரிமாறுவாள். பரிமாறும்போது அவள் கண்ணும் கீழ்வரிசைக்குத்தான் போகும்.

போர் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று சௌந்தரராஜன் சொல்லியிருந்தார். அந்த வாரங்கள் தீபாவளியைத் தாண்டின, கிறிஸ்துமஸைத் தாண்டின, மறு வருஷத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. கேஸ் விலை ஏறியது. பெட்ரோல் ஏறியது. டி.வி.யில் வெற்றி வெற்றி என்றார்கள். பெங்களூரில் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற எங்கள் பெண்கள், அங்கே கட்டிலே கிடைப்பதில்லை என்றார்கள். காலை ட்ரெயினில் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு சத்தமாகவே திட்டினார்கள். "யாரு வூட்டு சண்டைக்கு யாரு புள்ள?" என்று ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்கிறவள்கூடக் கேட்டாள். அந்தச் சமயம் பார்த்துத் தேர்தல் வந்தது.

பேரவை 'மறுசிந்தனைக் கூட்டம்' ஒன்றைக் கூட்டியது. பன் இந்தத் தடவை கொஞ்சம் பெரிது. போர் ஆதரவுப் பேரவை என்ற பேனரில் முதல் இரண்டு சொற்களின் மேல் வெள்ளைத் துணி தைத்திருந்தார்கள். காற்றடித்தபோதெல்லாம் போர் தெரிந்து தெரிந்து மறைந்தது.

சௌந்தரராஜன் எழுந்தார். "நாம் போரை ஆதரித்ததாகச் சிலர் பேசுகிறார்கள். வேதனையாக இருக்கிறது. நாம் ஆதரித்தது போரை அல்ல, போர் சீக்கிரம் முடிவதை! ஒன்று சீக்கிரம் முடிய வேண்டுமானால் முதலில் அது தொடங்க வேண்டும் அல்லவா? அதனால்தான் தொடக்கத்தை ஆதரித்தோம். அதற்குப் பிறகு நடந்த எதையும் நாம் ஆதரிக்கவில்லை. எதிர்க்கவும் இல்லை. ஏனென்றால் நாம் மிகுந்த கவலையில் இருந்தோம்."

அடுத்து மனோகர். "தீர்மானத்துக்கு நான் கை தூக்கியது உண்மை. மறைக்க மாட்டேன். ஆனால் முழுவதுமாகத் தூக்கவில்லை. போட்டோவைப் பாருங்கள், முழங்கை மடங்கியிருக்கிறது. மடங்கிய கைக்கு அரசியலில் என்ன பொருள் என்பது விவரமறிந்தவர்களுக்குத் தெரியும்."

எலைன், தான் கைதட்டியபோது இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை என்று சொல்லி அமர்ந்தார்.

பின்வரிசையில் யாரோ ஒருவர், பன்னை மென்றபடி, "அப்போ அந்தத் தட்டுங்க?" என்றார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேல்வரிசை வெயிலில் தகதகவென்று மின்னியது. இன்பராஜ் அதைக் கழற்றாமலே தினமும் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தான். பெயர்கள் கேட்டிலிருந்தே படிக்கிற மாதிரி இருந்தன.

மறுநாள் காலை மனோகர் தனியாக வந்தார்.

"இன்னாபா இன்பராஜ், நல்லா கீறியா? சும்னே அந்த டோக்கன எட்த்துக் குடு. பாலிஷ் போட்டு எட்த்தாறேன்."

"நான் போட்டுட்டங்கண்ணே. மூஞ்சி தெரியுது பாருங்க."

"இல்லபா, மெஷின் பாலிஷ்."

இன்பராஜ் எழுந்து நின்றான். "அண்ணே, மேல வந்துட்டீங்களா?"

"எங்கேர்ந்து?"

"போர்லேர்ந்து."

"நான் எங்கய்யா போனேன்?"

"எறங்குறேன்னு மைக்ல சொன்னீங்களே."

"அது மைக்ல சொன்னதுபா!"

"அத வெச்சுதாங்கண்ணே மாட்டுனோம். பசங்க இன்னும் கீழதான் கீறாங்க. நானே வந்தாலும் வுடாதன்னு தலைவர் சொல்லிக்கீறாரு. நான் சரின்னு சொல்லிட்டேன்."

மனோகர் இன்பராஜின் முகத்தை உற்றுப் பார்த்தார். கேலி செய்கிறானா என்று தேடினார். அந்த முகத்தில் அப்படி எதுவும் கிடைக்காது. எனக்கு அவனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மனோகர் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

எலைன் இன்னும் சாமர்த்தியசாலி. தான் வராமல் டிரைவரை அனுப்பினார். புதிதாக வந்த டிரைவர், துமகூர் பக்கத்து ஆள், எங்கள் ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. இன்பராஜ் சாப்பிட்டுக் கை கழுவப் போன நேரம் பார்த்து ஹாலுக்குள் வந்தான், எலைனின் டோக்கனைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினான், காரில் ஏறிப் போய்விட்டான்.

அந்த நேரம் ஹாலைக் கூட்டிக்கொண்டிருந்தவள் தாயம்மா. அவள் மகன் ராகேஷின் டோக்கனும் கீழ்வரிசையில் இருக்கிறது. வேறொருவன் கை வைத்து டோக்கன் எடுப்பதைக் கண்ணால் பார்த்தபிறகு தாயம்மா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? துடைப்பத்தைக் கீழே போட்டாள், முந்தானையை வாயில் வைத்தாள், பிறகு எடுத்தாள்.

"என் எலைனக்கா! போயிட்டியா ராசாத்தி!"

தாயம்மாவின் குரல் ஊரிகம் ஸ்டேஷன்வரை போகும். போயிற்று. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டுக்கு, அங்கிருந்து பாலகாட்டுக்கு. சர்ச்சில் துக்க மணி அடித்தார்கள். மதியத்துக்குள் ராபர்ட்சன்பேட்டை முக்கில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் எழுந்துவிட்டது. அதில் எலைன் கறுப்புக் கண்ணாடியோடு சிரித்தார். அவர் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தார்களா என்றால், போனார்கள். வீடு பூட்டியிருந்தது. பாவம், பெங்களூர் ஆஸ்பத்திரியில் உயிர் போயிருக்கிறது, பாடி வந்துகொண்டிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். எலைன் அந்த நேரம் பெங்களூரில் மகள் வீட்டில் தலைக்கு டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஹாலில் இரங்கல் கூட்டம். பன் இருந்தது, துக்கம் என்பதால் தேங்காய் இல்லை.

மனோகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். "இன்று ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எலைன் அம்மையார் முதல் நாளிலிருந்தே இந்தப் போரை எதிர்த்தவர். 'மனோகர், என் மனசாட்சி ஒப்பவில்லை, ஆனால் கட்சிக் கட்டுப்பாடு' என்று என்னிடம் மட்டும் சொன்னார். அவர் என்னிடம் சொன்னார் என்றால், நானும் அதே எண்ணத்தில் இருந்தேன் என்பது உங்களுக்கே புரியும்."

சௌந்தரராஜன், "டோக்கன் மாட்டும்போது அவர் கண்ணில் நீர் கோத்து நின்றது. பித்தளைத் தூசு என்று நினைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள், எலைன்!" என்றார்.

"பரவால்ல," என்றார் வாசலில் நின்ற எலைன்.

வாட்ஸ்அப்பில் தன் பிளெக்ஸைப் பார்த்துவிட்டு, பாதி டையோடு காரில் பறந்து வந்திருந்தார். ஹாலில் நாற்காலிகள் சாய்ந்தன. தாயம்மா இரண்டாம் தடவையாக அலறினாள், முதல் தடவையைவிட நன்றாக. நான் பன்னைக் கீழே விட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எடுத்துக்கொண்டும்விட்டேன்.

எலைன் கோபப்படுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவரோ கையமர்த்தி, "நிறுத்தாதீங்க, பேசுங்க, பேசுங்க" என்று சொல்லி முன்வரிசையில் தன் படத்துக்கு எதிரே உட்கார்ந்தார். கடைசிவரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு எழுந்து நன்றி சொன்னார்.

"மறைந்த எலைன் போரை ஆதரித்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் இறந்துபோனவர்களைக் குறைசொல்வது நம் பண்பாடல்ல. அவர் போகட்டும். இனி நான் இருக்கிறேன்."

அதற்கப்புறம் எலைனிடம் போரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. செத்துப் பிழைத்த மனுஷியிடம் யார் போய்க் கேட்பார்கள்? மார்க்கெட்டில் அவருக்குக் கொத்தமல்லி சும்மா கொடுத்தார்கள்.

மற்ற தலைவர்கள் இதைக் கவனித்தார்கள். இரண்டு நாள் யோசித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் காலமாக ஆரம்பித்தார்கள்.

முதலில் மனோகரின் மச்சினன் வந்தான். இன்பராஜ் வழியை மறித்து நின்றான்.

"மனோகரண்ணன் காலமாயிட்டாருங்களா?"

மச்சினன் இரண்டு பக்கமும் பார்த்தான். "ஆமா."

"எப்போங்க?"

"இப்போதான். கார்ல ஒக்காந்துகினு கீறாரு."

இன்பராஜ் தொப்பியைக் கழற்றினான். உயிரோடு இருக்கிறவன் வந்தால் விடக்கூடாது என்பது தலைவர் உத்தரவு. செத்தவன் டோக்கனை வீட்டார் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பது டைம் ஆபீஸ் வழக்கம். இரண்டுக்கும் இடையில் அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை. கார் ஜன்னல் வழியாக மனோகர் அவனைப் பார்த்துக் கையாட்டியதுகூட அவனைக் குழப்பவில்லை. சில குடும்பங்களில் துக்கத்தை அப்படித்தான் தாங்கிக்கொள்வார்கள் என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஜூடித்திடம் சொன்னானாம்.

பேரவையில் தினம் ஒரு சாவு. டிரைவர் இல்லாதவர்கள் ஆட்டோ அமர்த்திக்கொண்டு செத்தார்கள். எங்கள் லைனில் சாயங்கால டிபன் செய்வதையே நிறுத்திவிட்டோம். தாயம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "இன்னிக்கு எத்தினி பேரு சார்? ரெண்டு பேருன்னா ஒண்ணாவே அழுதுடறேன்," என்று கேட்டுப் பார்த்தாள். இருவரும் வேறு வேறு கட்சி என்பதால் முடியாது என்றுவிட்டார்கள்.

கடைசியாகச் சௌந்தரராஜன். தலைவருக்குத் தகுந்த சாவாக இருக்க வேண்டுமே! டிரைவரை விட்டு டோக்கனை எடுக்கவைத்தார். பேண்டு வாத்தியம் வைத்தார்கள். தன் இரங்கல் கூட்டத்துக்குத் தானே தலைமை தாங்கித் தீர்மானத்தையும் அவரே வாசித்தார்.

"போரை ஆதரித்த திரு. சௌந்தரராஜன் நேற்று மாலை காலமானார் என்பதை இப்பேரவை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறது. போரை எதிர்க்கும் திரு. சௌந்தரராஜன் அன்னாருக்கு உறவினரும் அல்ல, வாரிசும் அல்ல, அன்னார் பேசியவற்றுக்குப் பொறுப்பாளியும் அல்ல. இருவரும் ஒரே வீட்டில் வசித்தது தற்செயலே."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மௌன அஞ்சலிக்கு அவரும் எழுந்து நின்றார். நின்றவர்களிலேயே அதிகம் கலங்கியவர் அவர்தான்.

மேல்வரிசை காலியாயிற்று. பெரிய பெரிய கொக்கிகள் மட்டும் பல்லைக் காட்டின. கீழே பையன்களின் டோக்கன்கள் தனியாகத் தொங்கின. இத்தனை நாள் தட்டுகளின் பளபளப்பில் கண்ணில் படாத அவை, இப்போது ஹாலுக்குள் நுழைகிற எல்லார் கண்ணிலும் பட்டன. நின்று பெயர் பெயராகப் படித்தார்கள். படித்துவிட்டு, "இதுங்கள யாரு அனுப்புனது?" என்று கேட்டார்கள். தேர்தல் நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

பேனரில் இப்போது 'சமாதானப் பேரவை' என்று எழுதியாயிற்று. சுவரில் பெரிய புறா ஒன்று வரைவதற்கு பெயிண்டர் சின்னசாமியைக் கூட்டிக்கொண்டு சௌந்தரராஜனே வந்தார். புறாவின் வயிற்றுக்கு நேராகப் பலகை இடித்தது.

"இன்பராஜ், இந்த மிச்சத்தையும் கழட்டிடு. ஒரு டப்பாவுல போட்டு உள்ள வை."

இன்பராஜ் ஸ்டூலைவிட்டு எழுந்தான். "பசங்க காலமாகலைங்க தலைவரே."

"யாரு ஆனான்னு சொன்னது? செவுரு வேணும்யா. புறா பறக்கணும்."

"மேல வராதவங்களுத எப்டிங்க எடுக்கறது?"

"அட, வெறும் பித்தளைய்யா அது!"

டிபன் கேரியரோடு அப்போதுதான் உள்ளே வந்த ஜூடித் அதைக் கேட்டாள். கேரியரை ஸ்டூலின்மேல் ணங்கென்று வைத்தாள்.

"வெறும் பித்தளைதானே? அப்போ உங்களுத ஏன் டிரைவர வுட்டு எடுத்தீங்க? நீங்களே கையால எடுத்துகினு போயிருக்கலாமே?"

"இந்தம்மா எந்தக் கட்சி?" என்று சௌந்தரராஜன் தன் டிரைவரிடம் கேட்டார். பிறகு சின்னசாமியைப் பார்த்து, "நீ எடு" என்றார். சின்னசாமி பிரஷ்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்; அவன் தம்பி மகன் டோக்கனும் அங்கேதான் இருந்தது. டிரைவரைப் பார்த்தார். டிரைவர் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். வெளியூரிலிருந்து வந்த அவனும் இதற்குள் எங்கள் ஊர்க்காரனாகிவிட்டான்.

"நானே எடுக்கிறேன்!" என்று சௌந்தரராஜன் கையை நீட்டினார். கைக்கு நேராக இருந்தது ஜோஸின் டோக்கன்.

இன்பராஜ் நடுவில் வந்து நின்றான். முதுகைப் பலகையோடு ஒட்டிக்கொண்டான்.

"வேணாங்க. எனக்கு பயமா கீதுங்க. ஒரே புள்ளைங்க. உங்க கால்ல வேணா வுழறேன், அதத் தொடாதீங்க."

வாழ்நாளில் அவன் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சௌந்தரராஜனின் கை அந்தரத்தில் நின்றது. வாசலில் தாயம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்தாள்.

"எடுங்க சார். தொண்ட சரியாயிடுச்சு. எடுத்தீங்கன்னா அழுவேன். ஆனா இந்தவாட்டி செத்தவன் பேரச் சொல்லி அழ மாட்டேன். கை வெச்சவன் பேரச் சொல்லி அழுவேன். ஸ்டேஷன் வரைக்கும் கேக்கும்."

சாயங்கால ட்ரெயின் வருகிற நேரம். பெங்களூரிலிருந்து ஊரே வந்து இறங்குகிற நேரம். எல்லாருக்கும் ஓட்டு உண்டு.

சௌந்தரராஜன் நீட்டிய கையை அப்படியே மேலே கொண்டுபோய்க் கும்பிட்டார். "இந்தப் பலகையை உயிரைக் கொடுத்தாவது காப்போம் என்று அறிவிக்கத்தான் நான் வந்தேன்" என்றார். டிரைவர் கைதட்டினான். புறாவைப் பலகைக்கு மேலே மிச்சமிருந்த இடத்தில் வரைந்தார்கள். இடம் போதாததால் புறா குனிந்து, குண்டாக, அடைகாக்கும் கோழி மாதிரி வந்தது. ஊரில் எல்லாரும் அதைக் கோழி என்றே சொல்கிறோம்.

போர் அதற்கப்புறமும் நடந்துகொண்டிருந்தது. பேரவை மனம் மாறிய சேதி அங்கே போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

தேர்தலுக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் ஹாலில் நானும் இன்பராஜும் ஜூடித்தும் இருந்தோம். வாசலில் நிழல் தட்டியது. ஜோஸ். இடது கையில் கட்டு, கழுத்திலிருந்து அதைத் தாங்கும் துணித் தொட்டில். இளைத்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ட்ரெயின் ஏறி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பலகைக்கு வந்தான். நல்ல கையை நீட்டித் தன் டோக்கனைக் கொக்கியிலிருந்து எடுத்தான்.

"மேல வந்துட்டேம்பா."

"சரி," என்றான் இன்பராஜ். டைம் ஆபீசில் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபிறகு முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு அழுதான். ஜூடித் மகனின் கட்டுப்போட்ட கையைத் தொடாமல், மற்றதையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள்.

ஜோஸ் கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாப்பா, மேல பெரிய பெரிய தட்டுங்க இருந்துச்சே? எங்க?"

"காலமாயிட்டாங்கப்பா."

"யாரு?"

"எல்லாரும்."

"எலைன் ஆன்ட்டி?"

"அவங்கதான் மொதல்ல."

"தலைவரு கூடவா?"

"கடைசியா போனாரு. பேண்டெல்லாம் வெச்சாங்க."

ஜோஸ் நெற்றியில் கை வைத்துச் சிலுவை போட்டான். "அங்க எங்களுக்கு யாருமே சொல்லலியேப்பா. அன்னிக்கு அவரு பேசினத போன்ல போட்டுக் கேட்டுகினேதான் நாங்க கப்பல் ஏறினோம். ராகேஷ் இன்னும் வெச்சிகினு கீறான். பயம் வர்றப்போ போட்டுக் கேப்பான்."

அந்த நேரம் வாசலில் கார் நின்றது. ஸ்டேஷனில் யாரோ போன் செய்திருக்க வேண்டும். ரோஜா மாலையும் போட்டோகிராபருமாகச் சௌந்தரராஜன் உள்ளே வந்தார். "சமாதானத்தின் முதல் வெற்றியே, வருக!" என்று இரண்டு கையையும் விரித்தார்.

ஜோஸ் ஒரு அடி பின்னால் வைத்தான். முகம் வெளுத்துவிட்டது. அவரைப் பார்த்தான், காலிக் கொக்கியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

"பயப்படாதப்பா," என்றான் இன்பராஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவரு வேற."

சௌந்தரராஜன் வாயைத் திறந்தார். பேரவையின் தீர்மானம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். ஜோஸ் மரியாதையாகத் தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டான். போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"உங்களுக்கும் அவருக்கும் ஒரே சாடைங்க. அவரத் தெரியுமா உங்களுக்கு? அவருதாங்க எங்கள அனுப்பி வெச்சாரு."

"பழக்கமில்லை" என்றார் சௌந்தரராஜன்.

ஜூடித் மகனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இன்பராஜ் போகவில்லை. மற்ற பையன்கள் இன்னும் கீழேதான் இருக்கிறார்கள். ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி ராகேஷின் டோக்கனுக்கு நேராகப் போட்டுக்கொண்டான்.